உள்ளேருந்து திறக்காத கதவு

— கெணறுன்னு சொல்லிட்டுப் போயேம்மா வெர்னா! புள்ள கெணத்துல விழுந்து செத்துச்சு. அழுகை அதே அழுகைதானே?

— ப்ரூக்ளின் தெருவுல ஏது கெணறு, மிஸ்டர் ரெட்டிங்கர்? ஏழு நாளா ஃப்ரிட்ஜுன்னுதான் ஒத்திகை பாத்தோம். இன்னும் இருபது நிமிஷத்துல நாடு பூரா டெலிவிஷன்ல பாக்கப்போவுது, இப்ப வந்து கெணறுங்கிறீங்க! லியோ, நீங்கதானே டைரக்டர்? வாயில என்ன கொழுக்கட்டையா?

— நான் என்னம்மா பண்றது? சார் விளம்பரக் கம்பெனி ஆளு. நமக்குப் படியளக்கிறது நார்த்வேல் ஃப்ரிட்ஜ். அவங்க காசுல நாடகம் போட்டுட்டு அவங்க பெட்டிக்குள்ளயே புள்ளையச் சாகடிச்சா விடுவாங்களா?

— நல்லாச் சொல்லுங்க லியோ. நாடகத்துக்கு நடுவுல வர்ற விளம்பரத்துலயும் இந்தம்மாதான் நார்த்வேல் பக்கத்துல நின்னு சிரிச்சுக் காட்டணும். ஞாபகம் இருக்கா?

— இருக்கு சார். எங்க அண்ணன் மவன் டிக்கி செத்தது கெணத்துல இல்ல. யாரோ தூக்கிப்போட்ட பழைய ஃப்ரிட்ஜுல. ஒளிஞ்சு விளையாடப் போனான். அதைக் கேட்டுத்தான் எழுத்தாளர் இந்த நாடகத்தையே எழுதினாரு.

— பாவந்தான், யாரு இல்லேங்கிறா? ஆனா கெணறு. இல்லேன்னா அடுத்த வாரம் நாடகமே கெடையாது. லியோவுக்கும் வேலை போவும், அந்தக் கேமராக்காரனுக்கும் போவும்.

— ...சரி. கெணறு.

— ரெண்டாவது கேமரா, கிட்டப் போ. பாத்தீங்களா ரெட்டிங்கர் சார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எப்படி அழறா! கெணறுன்னே சொல்லிட்டா. முதல் அங்கம் முடிஞ்சுது. இப்ப உங்க விளம்பரம்.

— தங்கமான பொண்ணுய்யா, லியோ. நான்தான் பயந்துட்டேன். சிரிக்கிறா பாரு.

— நேயர்களே, இது புது நார்த்வேல். கதவு எவ்வளவு கெட்டியா மூடிக்குது பாருங்க. கொக்கி வெளியிலதான். உள்ள கெடையாது. உள்ளேருந்து தள்ளினா திறக்காது. கத்தினாலும் கேக்காது.

— என்னய்யா பேசறா! எழுதிக் குடுத்தது இது இல்லியே! நிறுத்து லியோ!

— எப்படி சார் நிறுத்துறது? நேரடி ஒளிபரப்பு. அவ வாயைத் திறந்தா வீட்டு வீட்டுக்குப் போய்ச் சேந்துருது.

— 'சற்றுப் பொறுங்கள்' அட்டையைப் போடுய்யா!

— கை வர மாட்டேங்குது சார்.

— கெணறுன்னு சொன்னேனே, பொய். எங்க டிக்கி இந்த மாதிரிப் பெட்டிக்குள்ளதான் செத்தான். எடுத்தப்ப அவன் கையில நகமே இல்ல. போன மாசம் யார் வீட்டுக்காவது புதுசு வந்துச்சா? பழசை எங்க போட்டீங்க?

— ரெட்டிங்கர் சார்? என்ன சார், மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு?

— போன்... போன் எங்க லியோ? ...ஹலோ, ஹெலன்! விளம்பரத்தை விடுடி! கொல்லையில நான் போட்டேனே பழைய பெட்டி... நம்ம புள்ள பார்பரா எங்க? ...எவ்வளவு நேரமா காணோம்?

— நேயர்களே, நாடகம் கெடக்கட்டும், எழுந்திரிங்க. கொல்லையில, கார் கொட்டகையில பழைய பெட்டி இருந்தா இப்பவே திறந்து பாத்துட்டு கதவைக் கழட்டிப் போடுங்க. கழட்டினதும் வெர்னாங்கிற பேருக்கு இந்த நிலையத்துக்கு ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்க: புள்ளைங்க நல்லாருக்குன்னு.