அலமாரி மேல் வைத்த தண்ணீர்ப் பை

வயது ஐம்பத்தெட்டு. குழாய் மராமத்து வேலை. பேருந்துப் பணிமனைக்குப் பின்சந்தில் மாடியில் குடியிருக்கிறேன். தெருவில் ‘குழாய்ச் சக்கரவர்த்தி’ என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். பட்டத்தைச் சூட்டியவனும் நானே. நான் அடைப்பு எடுக்காத சாக்கடை இனிமேல்தான் தோண்டப்பட வேண்டும்.

என் தங்கையின் கணவர் தையற்காரர். நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்தே இருப்பதால் மலச்சிக்கல். முந்தாநாள் அவரிடம், “மாப்ளே, உங்க வயித்துல நாப்பது வருஷக் கசடு. கழுவிட்டா இருபது வயசு திரும்பிடும்” என்றேன். “ஆளை விடுங்க மச்சான், என் குடல் என்ன உங்க சாக்கடையா?” என்றார். இருந்தும் நச்சரித்து, நேற்றுக் காலை பத்து மணிக்குக் குடல் சுத்தம் செய்யும் நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன்.

அதன்பின் நிலையத்து அம்மாள் அவரை இடப்பக்கமாகப் படுக்க வைத்து, குழாயைச் செருகி, தண்ணீர்ப் பையைக் கட்டிலுக்கு ஒரு முழம் மேலே கொக்கியில் மாட்டி, “இதுக்கு மேல தூக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு, வாசலில் யாரோ அழைக்கவே வெளியே போனார். தண்ணீர் மெதுவாக இறங்கியது. தொட்டி உயர்ந்தால் வேகம் கூடும் என்பது என் தொழில் பாடம். பையை எடுத்து அலமாரியின் உச்சியில் வைத்தேன். “போதும் மச்சான், வலிக்குது” என்றார். “அடைப்பு உடையுது மாப்ளே, ராஜா மாதிரி படுங்க” என்று சிரித்தேன். “போதும்” என்று இன்னும் இரண்டு முறை சொன்னார். அதன்பின் பேசவில்லை. வயிறு பலகை போல் இருந்தது. பையைத் திரும்பக் கொக்கியில் மாட்டிய பிறகே அம்மாளைக் கூப்பிட்டேன்.

அதன்பின் மருத்துவமனையில், தண்ணீரின் அழுத்தத்தில் குடல் கிழிந்திருப்பதாகச் சொல்லி அறுவை செய்தார்கள். இன்னும் கண் திறக்கவில்லை. “குடல் தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்கும். ஏதாவது பரிசோதனைக்கு நாங்க சொன்னா ஒழிய, இது எதுக்குங்க?” என்று மருத்துவர் கேட்டார். 

அந்த அம்மாள்தான் பையை உயர்த்தியிருக்க வேண்டும் என்று என் தங்கை இன்று காலை இந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாள். சாட்சிக்கு என்னைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். “அண்ணே, பார்த்ததை அப்படியே சொல்லு. எனக்கு உன்னை விட்டா யாரு?” என்றாள். வழியெல்லாம் சொல்ல வாயெடுத்து, தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டேன்.

மேற்கண்டவை யார் தூண்டுதலும் இன்றி நான் சொன்ன உண்மை. இதை எனக்குப் படித்துக் காட்ட வேண்டாம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஐயா அவர்களே படித்துக் காட்டும்படி வேண்டுகிறேன். அதுவரை நான் உள்ளேயே இருக்கிறேன்.

(ஒப்பம்)