ஹெப்சிபா வீட்டுக் கைப்பிடி அரிசி

சரி, முகத்தை அப்படி வச்சுக்காதீங்க. பிரசங்கம் நீளுதுன்னு எனக்கும் தெரியுது. ஒரு வீட்டுச் சங்கதி சொல்றேன், சின்னதுதான்... கேட்டுட்டுப் போனா உங்களுக்கே தெம்பா இருக்கும். பின்னால இருக்கிற தம்பி, அந்தப் போனைப் பைக்குள்ள போடுங்க.

நான் முன்னால ஊழியம் பார்த்த சபையில ஹெப்சிபான்னு ஒரு சகோதரி. ஆஸ்பத்திரியில நர்ஸ். வீட்டுக்காரர் ஆசீர், பஸ் டிரைவர். மக ஷைனி காலேஜ், மகன் ஜெபர்சன் பிளஸ் டூ. அம்மா வீட்டுக்குள்ள வரும்போது அப்பா வெளியே போவாரு. மகன் டியூஷன் முடிச்சு வரும்போது மக பஸ்ஸுக்கு ஓடுவா. நாலு பேரும் சேர்ந்து முழங்கால் போட்டு ஜெபிக்கணும்னா ஞாயித்துக்கிழமைதான் வரணும். என்ன, உங்க வீடு மாதிரியே இருக்கா? இருக்கும், இருக்கும்.

அந்தச் சபையில ஒரு வழக்கம் உண்டு. அறுப்பின் பண்டிகைக்கு முந்தின மாசம், பெண்கள் சங்கத்துல வீட்டுக்கு ஒரு டப்பா கொடுப்பாங்க. மூடியை ஒட்டியிருப்பாங்க, மேலே ஒரு ஓட்டை மட்டும் இருக்கும். தினமும் உலை வைக்கும்போது ஆண்டவருக்குன்னு ஒரு கைப்பிடி அரிசியை அதுல போடணும். பண்டிகையன்னைக்கு எல்லா டப்பாவையும் கோயில்ல கொட்டி, இல்லாதப்பட்ட வீடுகளுக்குக் கொடுப்பாங்க.

ஒரு வருஷம் ஹெப்சிபா கொண்டு வந்த டப்பா கால்வாசிகூட இல்ல. தூக்கும்போதே கடகடன்னு சத்தம். நாலு டிபன் பாக்ஸ் கட்டி வச்சுட்டு டூட்டிக்கு ஓடுற பொம்பளைக்குக் கைப்பிடி எங்கே ஞாபகம் வரும்? ஆனா சங்கத்துல ரூபி அக்கான்னு ஒருத்தங்க, எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாங்க. "வேலைக்குப் போற வீட்ல ஆண்டவருக்கு இவ்வளவுதான் கிடைக்கும்." அவ்வளவுதான்... ஹெப்சிபா வீட்டுக்கு வந்து அழுதா. தன் விசுவாசத்தையே டப்பாவுல போட்டு ஆட்டிப் பார்த்த மாதிரி இருந்துச்சு அவளுக்கு.

அடுத்த வருஷம் டப்பா வந்துச்சு. இந்தத் தடவை விடவே கூடாதுன்னு நினைச்சா. நினைச்சு என்ன? ரெண்டு நாள் போட்டா, அப்புறம் மறந்துதான் போனா. டப்பா ஷெல்ஃப் மேல இருக்கு, அவ அந்தப் பக்கம் நிமிர்ந்துகூடப் பார்க்கிறதில்ல. பார்த்தா மனசு குத்துது.

பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம். அன்னைக்கு அதிசயமா நாலு பேரும் வீட்ல. டூட்டி முடிஞ்சு வந்து, உலை வைக்க அரிசி வாளியைத் திறக்கிறா... அடி தெரியுது! மாசம் முடியல, அரிசி முடிஞ்சு போச்சு.

"என்னங்க, அரிசி எங்கே போச்சு?"

ஆசீருக்குக் கோபம் வந்துருச்சு. "கடைக்காரர் எடையைக் குறைச்சிட்டாரு. நான் போய்க் கேட்டுட்டு வரேன்." விறுவிறுன்னு போயிட்டாரு. கடைக்கார அண்ணாச்சி என்ன சொல்லியிருப்பாரு? "சார், தராசுல மூட்டையைத் தூக்கி வச்சு எடை பார்த்தது யாரு? நீங்கதானே?" இவரு வந்த வழியே திரும்பிட்டாரு.

இங்கே வீட்ல ஹெப்சிபா, எப்படியும் நாளைக்குத் தலை குனியணும், இப்பவே பார்த்துருவோம்னு ஷெல்ஃப்ல இருக்கிற டப்பாவுல கையை வைக்கிறா. ஒரு கையால தூக்க முடியல! ஆட்டிப் பார்க்கிறா... சத்தமே இல்ல. கழுத்து வரைக்கும் அரிசி நிக்குது.

"ஷைனி, இதுல என்னடி செஞ்ச?"

"நீ மறந்துருவேன்னு நான் தினமும் ஒரு கை போட்டேம்மா. போன தடவை நீ அழுதது எனக்குப் பிடிக்கல."

ஜெபர்சன் எட்டிப் பார்க்கிறான். "நீ போட்டியா? நான்ல தினமும் போட்டேன்!"

வாசல்ல செருப்பைக் கழட்டிக்கிட்டே ஆசீர்... "அட, நானும்தான்மா போட்டேன்." ஸ்டியரிங் பிடிக்கிற கை, அந்தக் கைப்பிடி எவ்வளவு இருக்கும்னு நீங்களே பார்த்துக்கோங்க. பாவம், அந்த அண்ணாச்சியை வேற திட்டிட்டு வந்திருக்காரு!

ஒருத்தருக்கும் இன்னொருத்தர் போட்டது தெரியாது. யாரும் யாரையும் குறை சொல்லல, சும்மா போட்டாங்க. ஹெப்சிபா டப்பாவை மெதுவா கீழே வச்சா. மூணு பேரையும் மாத்தி மாத்திப் பார்க்கிறா. கண்ணு நிறைஞ்சு போச்சு.

இப்போ ராத்திரி சாப்பாடு? திட்டிட்டு வந்த கடைக்கே அரிசி வாங்கப் போக முகமில்ல. ஆசீர் கத்தியை எடுத்துட்டாரு. "மூடியைப் பிரிச்சு ரெண்டு படி எடுத்துக்குவோம். நம்ம அரிசிதானே, ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரு."

"கத்தியை வைங்க. நான் மறந்ததை நீங்க கொடுத்தீங்க. கொடுத்ததைத் திரும்ப எடுக்க இந்த வீட்ல ஆள் கிடையாது."

அன்னைக்கு அந்த வீட்ல ரவை உப்புமா. உப்புமான்னா ஓடிப்போற ஜெபர்சன் ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டானாம். இதை விட அற்புதம் வேணுமா உங்களுக்கு?

மறுநாள் கோயில். ஹெப்சிபா டப்பாவை இடுப்புல இடுக்கிக்கிட்டு வர்றா. ரூபி அக்கா வாங்கிப் பார்த்துட்டு அசந்துட்டாங்க. "எப்படிம்மா, டூட்டிக்கும் போய்க்கிட்டு இவ்வளவு போட்ட?"

பேசாம சிரிச்சுட்டுப் போயிருக்கலாம். பேரும் கிடைச்சிருக்கும், போன வருஷத்துக்குப் பதிலும் சொன்ன மாதிரி இருந்திருக்கும். என்ன சொன்னா தெரியுமா? தலையை நிமிர்த்திச் சொன்னா... "நான் போடலக்கா. நான் ரெண்டு நாளோட மறந்துட்டேன். என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் போட்டாங்க."

நான் பக்கத்துலதான் நின்னேன். இது என் சபை வீடுன்னு நெஞ்சு நிமிர்ந்து போச்சுங்க எனக்கு.

பிரியமானவங்களே, நேரமில்ல, நேரமில்லன்னு சொல்றோமே... நேரமில்லாத வீட்ல விசுவாசம் இருக்காதுன்னு யார் சொன்னது? அம்மா விட்ட இடத்துல மகன் நிக்கிறான், மக நிக்கிறா, அப்பா நிக்கிறாரு. அதுதான் விசுவாச வீடு. ஒருத்தர் விட்டதைச் சொல்லிக் காட்டுற வீடு இருக்கு. ஒருத்தர் விட்டதைச் சத்தமில்லாம நிரப்புற வீடும் இருக்கு. இன்னைக்கு வீட்டுக்குப் போய்க் கதவைத் திறக்கும்போது பாருங்க... உங்க வீடு எந்த வீடு?