பெரியம்மாவுக்குப் பாதித் தலை

— சும்மா கதை விடாதடா தம்பி. டிவி நல்லாத்தான் இருக்கு. நீ எடிட் பண்ண படத்துலதான் பெரியம்மாவுக்குப் பாதித் தலையைக் காணோம்.

— வாட்ஸ்அப்ல வந்ததைப் பார்த்திருப்பக்கா. அது வீடியோவைப் பிழிஞ்சு சக்கையாத்தான் அனுப்பும்.

— நீ குடுத்த பென்டிரைவ்லதான் பார்த்தேன்.

— அப்போ டிவி ஜூம்ல இருக்கும். ரிமோட்டை எடுத்து…

— ரிமோட்டோட அரை மணி நேரம் மல்லுக்கட்டியாச்சு. ‘அம்மா ரிட்டயர் ஆன நாள்’னு மேல போட்டிருக்கியே, அதுல ஒரு எழுத்து வெட்டுப்படல. டிவி வெட்டுச்சுன்னா அதையும் வெட்டியிருக்கணும்ல?

— எக்ஸ்போர்ட்ல நான் ஒரு குறையும் வைக்கலக்கா. கேமராவுல என்ன சைஸோ அதே சைஸ். தரம் குறையக் கூடாதுன்னு பிட்ரேட்டைக்கூட ஏத்தித்தான் வச்சேன். ஃபைல் எவ்ளோ பெருசுன்னு பாரு.

— ஃபைல் பெருசு, பெரியம்மாதான் சிறுசாயிட்டாங்க. ஞாயித்துக்கிழமை எல்லாரும் உக்காந்து பார்க்கப் போறாங்க. வேணும்னே வெட்டிட்டீங்கன்னு ஒரு மாசம் மூஞ்சியைத் தூக்கி வச்சுப்பாங்க.

— சரி சரி, அந்த இடத்தை மட்டும் மாத்தித் தரேன்.

— இரு. கேமரா கார்டு அம்மா பீரோவுலதான் இருந்துச்சு. போட்டுப் பார்த்தேன். அதுல பெரியம்மா முழுசா இருக்காங்க. ஆனா படம் ஆடுது. உன்னுது கல்லு மாதிரி நிக்குது, பின்னாடி சுவர்தான் லேசா வளையுது. என்னடா பண்ண?

— ஆட்டத்தை எடுத்தேன். படம் இந்தப் பக்கம் போனா சாஃப்ட்வேர் அந்தப் பக்கம் இழுத்துப் பிடிக்கும். இழுக்க இடம் வேணும்ல? அதுக்காக நாலு ஓரத்தையும் வெட்டிட்டு மீதியைப் பெருசாக்கிடும்.

— எதுக்கு எடுத்த?

— பார்க்க நல்லா இருக்கட்டும்னுதான்.

— மழுப்பாத. பதினோரு நிமிஷமும் ஆடுதுடா. சின்ன நடுக்கம், நிக்கவே இல்ல. நடந்துக்கிட்டே எடுத்தா இப்படி ஆடாது. எடுத்தது அப்பா. அவருக்குக் கை நடுங்குது, அதானே? அன்னைக்கு என்னால வர முடியலன்னா எனக்குச் சொல்லவும் கூடாதா?

— அப்பா நல்லாத்தான் இருக்காருக்கா.

— கண் டாக்டர்னா என் கண்ணுலயே மண்ணைத் தூவுவியா? இந்தக் கையோட கார் வேற ஓட்டுறாரு. இப்பவே போய் சாவியை வாங்கி வைக்கிறேன்.

— வாங்காத. பாவம் அவர்.

— அப்போ திங்கக்கிழமை அப்பாவோட கண் ஆபரேஷன்? கை நடுங்குறவருக்குக் கண்ணுல கத்தி வைக்கலாமா? ‘என் மகன் கை பட்டாத்தான் என் கண்ணு துலங்கும்’னு பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு.

— ஆபரேஷன் நடக்கும். நான் பண்ணல. எங்க சீனியர் மேடம்கிட்ட சொல்லிட்டேன்.

— ஏன்டா? அவர் மனசு விட்டுப் போயிடும். எத்தனை பேருக்குப் பண்ணியிருக்க, பெத்தவருக்குப் பண்ண மாட்டியா?

— பண்ணக் கூடாதுக்கா.

— அப்போ அவருக்கு வேற என்னமோ இருக்கு. என்கிட்ட மறைக்கிற. படம் பூரா அவர் குரல்தான் கிட்டத்துல கேக்குது, ‘தள்ளி நில்லுங்க, சிரிங்க’ன்னு. அவர் பிடிச்ச கேமரா ஏன் அப்படி ஆடுது? அதை மட்டும் சொல்லு.

— அப்பா பக்கத்துல நின்னு சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாரு. கேமரா என் கையில இருந்துச்சுக்கா.