முன் இடது டயரின் உள்விளிம்பு

நாள்: 06.10.2025, திங்கட்கிழமை. நேரம்: காலை 10.20.
வாக்குமூலம் எண் 2 (19.09.2025 அன்று இந்தக் காவல் நிலையத்தில் நான் கொடுத்த வாக்குமூலம் எண் 1-ஐத் திருத்துவது)

என் பெயர் ஆத்மநாதன், வயது 72 ஆண்டு 4 மாதம், தகப்பனார் பெயர் நாகராசு, ஓய்வுபெற்ற நில அளவர், குடியிருப்பு கதவு எண் 2/114, தெற்குத் தெரு, விராலிமலை, புதுக்கோட்டை மாவட்டம். 18.09.2025 அன்று விபத்தில் இறந்த குணசேகரன், வயது 43, என் ஒரே மகன். அவன் ஓட்டி வந்த பிக்கப் வண்டி என் பெயரில் உள்ளது.

என் முதல் வாக்குமூலத்தில், வண்டி நல்ல பராமரிப்பில் இருந்தது என்றும், என் மகன் எப்படி ஓட்டினான் என்பது எனக்குத் தெரியாது என்றும் கூறியிருந்தேன். இரண்டும் உண்மையல்ல. வழக்கில் என் மகன் அதிவேகமாகவும் கவனக்குறைவாகவும் ஓட்டியதாகப் பதிவாகியுள்ளது. அதைத் திருத்த வேண்டியே இதை என் கைப்பட எழுதிக் கொடுக்கிறேன்.

மேற்படி வண்டியை 14.11.2022 அன்று புதிதாக வாங்கினோம். அதற்கு முன் என் மகன் பதினோரு ஆண்டுகள் குவைத்தில் லாரி ஓட்டியவன். வந்த பிறகு விராலிமலைப் பக்கத்துத் தோட்டங்களில் தக்காளி, கத்தரி ஏற்றி மதுரைக்கும் திருச்சிக்கும் போய்வந்தான். வண்டிப் பராமரிப்பை நான் ஏற்றுக்கொண்டேன். பிரதி மாதம் 1-ஆம் தேதி காலை ஆறு மணிக்கு, வண்டி ஓடிச் சூடாகும் முன், நான்கு டயர்களின் காற்றையும், ரப்பரில் வெட்டியுள்ள பள்ளத்தின் ஆழத்தையும் அளந்து நோட்டில் எழுதிக் கையொப்பம் இடுவேன். நான் சொல்லாமல் என் மகன் ஒரு போல்ட்டைக்கூட மாற்றியதில்லை.

09.02.2024 அன்று எனக்கு வலது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. குந்தி உட்காரக் கூடாது என்று மருத்துவர் சொன்னார். அதன் பிறகு ஸ்டூலில் அமர்ந்து, வெளிப்பக்கத்துப் பள்ளத்தில் மட்டும் இரும்பு ஸ்கேலை வைத்து அளந்தேன். நோட்டில் ‘ஆழம்’ என்று மட்டும் எழுதினேன். எந்தப் பக்கத்து ஆழம் என்று எழுதவில்லை.

27.06.2025 வெள்ளிக்கிழமை மழையில், கண்மாய்க்கரைச் சாலைக் குழியில் வண்டியின் முன் இடது சக்கரம் இறங்கி ஏறியது. மறுநாள் என் மகன், ஸ்டியரிங் இடது பக்கம் இழுப்பதாகச் சொன்னான். காற்றை அளந்தேன், சரியாக இருந்தது. ஆகவே வண்டியில் குறையில்லை என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு 01.08.2025 அன்று அளந்தபோது முன் இடது டயரில் ஐந்து மில்லிமீட்டர் இருந்தது. என் மகன் அந்த டயரின் உள்பக்கம் கையை விட்டுத் தடவினான்.

“அப்பா, வெளிய அளந்தா பத்தாது. உள்ள கைய வச்சா ரம்பம் மாரி இழுக்குது. அலைன்மென்ட் போயிருச்சு.”

“நோட்டுல அஞ்சு மில்லி இருக்குடா.”

“ஒங்க நோட்டு வெளிய ஸ்டூல் போட்டு ஒக்காந்திருக்குப்பா. வண்டி உள்பக்கமும்ல ஓடுது.”

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அதன் பிறகு 19.08.2025 அன்று, விராலிமலையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் பீட்டரிடம் அவன் வண்டியைக் காட்டினான். பீட்டர் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எனக்குப் போன் செய்தார். டயரின் நடுப்பகுதி தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, ஒரே ஓரம் தேய்ந்தால் சக்கரம் கோணலாக நிற்கிறது, அதாவது அலைன்மென்ட் போய்விட்டது என்று பொருள் என விளக்கினார். நான்கு டயரையும் இடம் மாற்றிப் போட்டால் போதாதா என்று கேட்டேன். “கோளாறு சக்கரத்துலங்க சார். புது டயரு போட்டாலும் அதயும் தின்னுரும். திருச்சி கொண்டுபோயி அலைன்மென்ட் பாத்துட்டு, இந்த டயரக் கழட்டிப் போடுங்க” என்றார்.

நான் சர்வீஸ் அட்டையைப் பார்த்தேன். டயர் மாற்றலும் அலைன்மென்டும் 40,000 கிலோமீட்டரில் என்று இருந்தது. மீட்டர் 38,610 காட்டியது. இரண்டையும் சேர்த்து 25.09.2025 அன்று செய்வதென்று நான் முடிவு செய்து, நாள்காட்டியில் குறித்தேன். 

01.09.2025 திங்கட்கிழமை காலை நான் அளக்க வந்தபோது, அவன் முன் இடது சக்கரத்தின் ஓரத்தில் சாக்கு விரித்து வைத்திருந்தான். “ஒரு நிமிசம் படுத்துப் பாருங்கப்பா, நானே புடிச்சுத் தூக்கி விடுறேன்” என்றான். அன்று புதுக்கோட்டையில் ஓய்வூதியர் சங்கக் கூட்டம் இருந்தது. சலவை வேட்டி கட்டியிருந்தேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று சொன்னேன். அதன் பிறகு நோட்டில் முன் இடது 4.8 என்று எழுதிக் கையொப்பம் இட்டேன். அவன் சாக்கை உதறி மடித்தான். மறுநாள் நானும் நினைவூட்டவில்லை, அவனும் கேட்கவில்லை.

18.09.2025 வியாழக்கிழமை, மதுரையில் சரக்கு இறக்கிவிட்டு, காலி தக்காளிக் கிரேட்டுகளுடன் அவன் திரும்பும்போது, கொடும்பாளூருக்கு அருகே வண்டி சாலையை விட்டு இறங்கிப் புளியமரத்தில் மோதியது. பிற்பகல் 2.52-க்கு எனக்குப் போன் வந்தது. 3.25-க்குப் போய்ச் சேர்ந்தேன். அதற்குள் அவனை ஆம்புலன்ஸில் ஏற்றியிருந்தார்கள். அவன் முகத்தைப் பார்த்தேன். அதன் பிறகு வண்டிக்குப் போய், முன் இடது சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். அன்று உட்கார முடிந்தது. கையை உள்ளே விட்டேன். உள்விளிம்பில் ரப்பர் இல்லை, கம்பி நூல்கள் விரலில் குத்தின. டயர் அந்த இடத்திலேயே வெடித்திருந்தது. வெளிப்பக்கத்துப் பள்ளம் அப்போதும் நன்றாக இருந்தது. மறுநாள் இந்த நிலையத்தில் இதை நான் சொல்லவில்லை.

03.10.2025 அன்று பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த உறவினர் ஒருவர், “குவைத்துல ஓட்டுன வேகத்துலயே இங்கயும் ஓட்டிட்டான்” என்று பந்தியில் பேசியதை, அடுத்த அறையில் இருந்த என் மருமகள் சுகுணா கேட்டுவிட்டாள். அதன் பிறகு என்னிடம் வந்து, “மாமா, அவுக ஓட்டத் தெரியாமயா ஓட்டுனாக? நீங்க சொல்லுங்க” என்றாள். 

மறுநாள், சம்பவ இடத்தருகே டீக்கடை நடத்துபவரும் இவ்வழக்கில் தகவல் கொடுத்தவருமான செல்லமுத்துவைச் சந்தித்தேன். “வெடிச்ச சத்தம் கேட்டுத்தாங்க திரும்பினேன். அப்பறந்தான் வண்டி அங்கிட்டு எறங்குச்சு. வேகமா வந்துச்சான்னு கேட்டாக, ஆமான்னேன். சத்தத்தப் பத்தி யாரும் கேக்கலீங்க” என்றார். ஆகவே டயர் முதலில் வெடித்தது, வண்டி பிறகே விலகியது.

குழியில் இறங்கிய அந்த வாரமே அலைன்மென்ட் பார்த்திருக்க வேண்டும். உள், நடு, வெளி என்று மூன்று இடத்திலும் அளந்திருக்க வேண்டும். ஓட்டுபவன் சொன்னதை அட்டைக்கு மேலாக வைத்திருக்க வேண்டும். இவற்றை என் மகன் அறிந்திருந்தான், என்னிடம் மூன்று முறை சொன்னான். தடுத்தவன் நான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தலைமைக் காவலர் அன்புமொழி அவர்கள், “ஐயா, இப்படி எழுதினா கேஸ் ஒங்க பக்கம் திரும்புங்க. வீட்டுல போயி யோசிச்சிட்டு வாங்க” என்று கனிவாகச் சொன்னார். பதினெட்டு நாள் யோசித்துவிட்டேன் என்று பதில் கூறினேன். கவனக்குறைவு என்ற சொல் வழக்கில் இருக்கட்டும். அதன் முன்னால் உள்ள குணசேகரன் என்ற பெயரை நீக்கி, ஆத்மநாதன் என்று எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இதில் உள்ளவை யாவும் நானே அறிந்து, யாருடைய தூண்டுதலும் இன்றி எழுதியவை. படித்துப் பார்த்து, ஒரு தேதியைத் திருத்தி, திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் இட்டுள்ளேன்.

(ஒப்பம்) நா. ஆத்மநாதன்

இணைப்பு:
1. அளவு நோட்டு ஒன்று, 01.12.2022 முதல் 01.09.2025 வரை.
2. சர்வீஸ் அட்டை, அசல்.
3. செப்டம்பர் மாத நாள்காட்டித் தாள்.
4. வெடித்த டயர். வண்டியை நிறுத்தியுள்ள இடத்தில் அனுமதி பெற்று எடுத்தது. ஒரு பக்கம் நானும் மறுபக்கம் சுகுணாவும் பிடித்துக் கொண்டுவந்து, நிலைய வராந்தாவில், உள்பக்கம் மேலே தெரியும்படி வைத்திருக்கிறோம். நேற்றிரவு நடந்தது யாவையும் அவளிடம் கூறினேன்; வழியெல்லாம் அவள் டயரின் உள்விளிம்பையே பார்த்து வந்தாள்.