இருபத்தேழாம் நம்பருக்கு நட்டஈடு

கௌசிகன்: அறுநூற்றி இருபது பவுண், அண்ணை. கணக்குச் சரிதானே?

யோகராஜா: மட்ச் தொடங்கப் போகுது. இப்ப என்ன கணக்கு?

கௌசிகன்: இல்லை... என்ரை மனிசி துஷ்யாவின்ரை விசாவுக்கு உங்களிட்டை வாங்கினதிலை மிச்சம் அவ்வளவுதானே எண்டு...

யோகராஜா: நான் கேட்டனானோ? முதல் இந்த ரீவியைப் பார். சுத்திக்கொண்டே நிக்குது.

கௌசிகன்: அப்டேட் கேக்குது. ரிமோட்டைத் தாங்கோ.

யோகராஜா: நீ வராட்டி இந்த வீட்டிலை ஐஸ் ஹொக்கி பாக்கேலாது.

நகுலேஸ்வரி: பாக்காட்டி இப்ப ஆர் அழுறது? ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் முழுக்கத் தும்புத்தடியோடை சண்டை.

யோகராஜா: அது ஸ்ரிக், நகுலா.

நகுலேஸ்வரி: சுவிசிலை இருக்கேக்கையும் இதைத்தான் சொன்னனீங்கள். ஐஸ் அரங்கிலை கதிரை துடைக்கப் போன மனிசன், வேலை முடிஞ்சும் வீட்டை வராமல் அங்கை குந்திக்கொண்டு இருப்பார். தம்பி, அந்த ஜக்கெற்றைக் கழட்டிக் கொழுவுமன்.

கௌசிகன்: பரவாயில்லை அக்கா. குளிருது.

நகுலேஸ்வரி: ஹீற்றர் போட்டுக் கிடக்கு. கிங்ஸ்பரியிலை உமக்கு மட்டும் குளிரோ? சரி, இரும். றோல்ஸ் பொரிக்கிறன்.

யோகராஜா: வந்திட்டுது, வந்திட்டுது. பார், எங்கடை நீலம் எப்பிடி இறங்குது எண்டு.

கௌசிகன்: சிவப்பும்தான் இறங்குது.

யோகராஜா: அதைப் பாக்காதை.

கௌசிகன்: இருபத்தேழாம் நம்பர் எங்கை... ஆ, அந்தா. சிவப்புச் சட்டையோடை பாக்க ஒரு மாதிரிக் கிடக்கு.

யோகராஜா: அஞ்சு வருசம் நீலத்திலை நிண்டவன். போன கோடை வரைக்கும் எங்கடை ஆள்.

கௌசிகன்: அவன் அந்த ரப்பர் வட்டைத் தொட்டவுடனை சனம் கூ அடிக்குது.

யோகராஜா: அடிக்கத்தானே வேணும்.

கௌசிகன்: ஏன் அண்ணை? ஒப்பந்தம் முடிஞ்சுதானே போனவன்?

யோகராஜா: முடிஞ்சது உண்மை. ஆனா இவன் முழுசா விடுபட்ட ஆள் இல்லை. அதிலை ரெண்டு வகை கிடக்கு. வயதும் வருசமும் காணுமெண்டா ஆரையும் கேக்காமல் எங்கையும் போகலாம். இவன் இளசு. இவனை வேறை அணி கூப்பிட்டா பழைய அணியிட்டை ஒரு கேள்வி வரும். அதே சம்பளத்தைக் குடுத்து வைச்சிருக்கிறியோ, இல்லாட்டி நட்டஈட்டை வாங்கிக்கொண்டு விடுறியோ?

கௌசிகன்: நட்டஈடு எண்டா காசோ?

யோகராஜா: காசில்லை. ஒவ்வொரு வருசமும் புதுப் பெடியளைத் தெரிவு செய்வினமெல்லோ. அதிலை சிவப்புக்கு வாற முறையை நீலத்துக்கு விட்டுக் குடுக்கவேணும்.

கௌசிகன்: அப்ப நீலம் வாங்கிக்கொண்டுதானே விட்டது. பிறகேன் இவனுக்குக் கூ அடிக்கினம்?

யோகராஜா: வாங்கினது சனத்தின்ரை கண்ணிலை தெரியாது. போனவன்தான் தெரிவான்.

கௌசிகன்: கூ அடிக்கிறதெண்டா மேலை கண்ணாடி அறைக்குள்ளை இருக்கிற முதலாளிக்கெல்லோ அடிக்கவேணும்.

யோகராஜா: ...மட்சைப் பார்.

கௌசிகன்: எங்கடை டைல்ஸ் வேலையிலையும் உந்தக் கதைதானே, அண்ணை. முன்காசு வாங்கின ஆளை மற்றக் கொன்ராக்டர் தொடமாட்டினம். தொட்டாலும், பழைய இடத்துக் கடனை முடிச்சிட்டு வா எண்டுதான் சொல்லுவினம்.

யோகராஜா: ஆர் உனக்குச் சொன்னது?

கௌசிகன்: ஆர் சொல்லவேணும்... எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.

யோகராஜா: ம்... இன்னும் முதுகு நோகுதோ?

கௌசிகன்: இப்ப... பரவாயில்லை.

யோகராஜா: நல்ல முதுகு. திங்கள் தொடங்கி வெள்ளி வரைக்கும் ஒண்டும் செய்யாது. சனிக்கிழமையிலை மட்டும் பிடிக்கும்.

கௌசிகன்: அது... கிழமை முழுக்கக் குனிஞ்சு வேலை செய்யிறதாலை...

யோகராஜா: நானும் குனிஞ்சுதானே செய்யிறன். எனக்கு முழங்கால்தான் பிடிச்சது. ஐயோ, பாரடா... எங்கடை ஆள் வட்டைக் கண்ணாடிக்கு மேலாலை அடிச்சுப்போட்டான்.

கௌசிகன்: வேணுமெண்டு அடிக்கேல்லையே.

யோகராஜா: வேணுமெண்டோ தவறியோ, அதை ஒருத்தரும் கேக்கமாட்டினம். தன்ரை பக்கத்திலை நிண்டு வெளியாலை அடிச்சா ரெண்டு நிமிசம் தண்டனைப் பெட்டிக்குள்ளை இருக்கவேணும்.

கௌசிகன்: இப்ப விதி மாத்தினவங்கள்தானே? கோச் கேட்டுப் பாக்கலாமே.

யோகராஜா: கேக்கலாம். வழியிலை ஆற்றையேன் ஸ்ரிக்கிலை பட்டுத்தான் போச்சோ எண்டு வீடியோவிலை பாக்கச் சொல்லலாம். பட்டிருந்தா தண்டனை இல்லை. ஆனா கேட்டது பிழைச்சா, கேட்டதுக்கும் ரெண்டு நிமிசம்.

கௌசிகன்: கேள்வி கேட்டதுக்குத் தண்டனையோ?

யோகராஜா: அதாலைதான் கன கோச்மார் வாயைத் திறக்கிறேல்லை. பார், இவனும் சும்மாதான் நிக்கிறான்.

கௌசிகன்: எனக்கும் அப்பிடித்தான் கிடக்கு, அண்ணை.

யோகராஜா: உனக்கு என்ன?

கௌசிகன்: ஒண்டு சொல்லவேணும்... இடைவேளையிலை சொல்லுறன்.

யோகராஜா: சொல்லுறதெண்டா இப்பவே சொல்லு. எப்பிடியும் எங்களிலை ஒராள் குறைவு. பாக்க ஒண்டுமில்லை.

கௌசிகன்: இல்லை, விடட்டும்... இருங்கோ.

யோகராஜா: சரி, மணி அடிச்சிட்டுது. இதுதான் இடைவேளை. இப்ப சொல்லு.

கௌசிகன்: கொன்ராக்டர் சந்திரகுமார் அண்ணை தன்னட்டை வேலைக்குக் கூப்பிடுறார்.

யோகராஜா: ...எங்கை?

கௌசிகன்: அங்காலை தெற்கு லண்டனிலை, சட்டனிலை. ஒரு கட்டடம் முழுக்கக் குளியலறை வேலையாம். வருசம் முழுக்க ஓடுமாம். நான்... ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.

யோகராஜா: ம்.

கௌசிகன்: ஏசுங்கோ, அண்ணை.

யோகராஜா: என்னத்துக்கு ஏச? என்னட்டை என்ன கிடக்கு? இந்த மாசம் ரெண்டு குளியலறை. அதிலையும் ஒண்டு என்ரை மச்சானின்ரை வீடு.

கௌசிகன்: நான் லண்டன் வந்து இறங்கேக்கை நீங்கள்தான் வேலை தந்தனீங்கள். அதாலைதான்... சரி, இதைப் பிடியுங்கோ.

யோகராஜா: என்ன இது?

கௌசிகன்: அறுநூற்றி இருபது. அதுதான் ஜக்கெற்றைக் கழட்டேல்லை.

யோகராஜா: வேண்டாம்.

கௌசிகன்: என்ன வேண்டாம்? கடனை முடிக்காமல் நான் எப்பிடிப் போறது?

யோகராஜா: முடிஞ்சுது எண்டு வை. உள்ளை வை அதை.

கௌசிகன்: அண்ணை, உப்பிடிச் செய்யாதேங்கோ. எனக்கு உங்கடை முகத்தைப் பாக்கேலாமல் கிடக்கு.

யோகராஜா: அப்ப ரீவியைப் பார்.

கௌசிகன்: நீங்கள் இப்பிடி விட்டுத் தருவியள் எண்டு தெரிஞ்சிருந்தா நான்... எனக்கு முதுகு நோகேல்லை, அண்ணை. போன நாலு சனியும் சந்திரகுமார் அண்ணையின்ரை வேலைக்குத்தான் போனனான். இந்தக் காசு அதிலை வந்தது.

யோகராஜா: ம்.

கௌசிகன்: ம் எண்டா? ஏதாவது சொல்லுங்கோ. உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டு, அந்த முதுகுக்கு நீங்கள் தந்த எண்ணெய்ப் போத்திலையும் வாங்கிக்கொண்டு போனனான்.

யோகராஜா: அந்த எண்ணெய் நல்லது. வைச்சிரு.

நகுலேஸ்வரி: இந்தாங்கோ, சூட்டோடை சாப்பிடுங்கோ. ஆற்றை கதை? சந்திரகுமார் அண்ணையின்ரையோ? வெள்ளிக்கிழமை வந்து, உறைப்பு உறைப்பு எண்டு சொல்லிச் சொல்லி அஞ்சு றோல்ஸ் சாப்பிட்ட மனிசன்.

கௌசிகன்: ...இஞ்சை வந்தவரோ?

யோகராஜா: நகுலா, தேத்தண்ணி போடன்.

நகுலேஸ்வரி: கேத்திலை வைச்சிட்டுத்தான் வந்தனான். ஏன் தம்பி, உமக்குத் தெரியாதோ?

கௌசிகன்: இல்லை அக்கா. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.

யோகராஜா: சும்மா வந்தவன். வழியிலை...

கௌசிகன்: சட்டனிலையிருந்து கிங்ஸ்பரிக்குச் சும்மா ஒருத்தரும் வாறேல்லை, அண்ணை. கடனைப் பற்றிக் கதைச்சவரோ?

யோகராஜா: கதைச்சவன்.

கௌசிகன்: கதைச்சு?

யோகராஜா: தந்தவன்.

கௌசிகன்: என்ரை கடனையோ? அவரோ?

யோகராஜா: ஓம்.

நகுலேஸ்வரி: எந்தக் காசு? வெள்ளிக்கிழமை கையிலை வைச்சிருந்ததோ? மச்சான் வேலைக்குத் தந்தவர் எண்டல்லோ எனக்குச் சொன்னனீங்கள்.

யோகராஜா: அடுப்பிலை எண்ணெய் கிடக்கு, போய்ப் பார்.

நகுலேஸ்வரி: அடுப்பை நிப்பாட்டிப்போட்டன். காசை வாங்கிக்கொண்டோ பெடியனை விட்டனீங்கள்?

யோகராஜா: அப்பிடி இல்லை.

நகுலேஸ்வரி: வேறை எப்பிடி?

யோகராஜா: ...அப்பிடித்தான்.

கௌசிகன்: அப்ப நீங்கள் இப்ப வேண்டாமெண்டது விட்டுத் தந்தது இல்லை.

யோகராஜா: இல்லை. ரெண்டாந்தரம் வாங்கக் கை வரேல்லை. அவ்வளவுதான்.

கௌசிகன்: அவர் அதை என்ரை சம்பளத்திலை கழிப்பார்.

யோகராஜா: கழிப்பான்.

கௌசிகன்: ஏன் எனக்குச் சொல்லேல்லை? அவரும் சொல்லேல்லை.

யோகராஜா: நான்தான் சொல்லவேண்டாமெண்டனான். நீயா வந்து போறன் எண்டு சொல்லட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்.

கௌசிகன்: நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே தந்திருப்பனே.

யோகராஜா: கேக்கிறதெண்டா, உன்னை வைச்சிருக்க என்னட்டை வழியில்லை எண்டு சொல்லவேணும். வேலை வானுக்கு இன்சூரன்ஸ் முடிஞ்சு ரோட்டிலை விடேலாமல் கிடந்தது. அதை உனக்கு எப்பிடிச் சொல்லுறது? நான் முதலாளியெல்லோ.

நகுலேஸ்வரி: எனக்காவது சொல்லியிருக்கலாம்.

யோகராஜா: உனக்குச் சொல்லுறது அதைவிடக் கஸ்ரம்.

நகுலேஸ்வரி: ...மட்ச் தொடங்கீட்டுது. அங்கை பாருங்கோ, ஆரோ அடிச்சிட்டான்.

கௌசிகன்: சிவப்பு. இருபத்தேழாம் நம்பர்.

நகுலேஸ்வரி: கோல் அடிச்ச பெடியன் ஏன் கையைத் தூக்காமல் தலையைக் குனிஞ்சுகொண்டு போறான்?

கௌசிகன்: பழைய இடம் அக்கா. வெக்கமாக்கும்.

நகுலேஸ்வரி: அவன் ஏன் வெக்கப்படவேணும்?

யோகராஜா: சத்தத்தைக் குறை.

கௌசிகன்: நான் வெளிக்கிடுறன். நாளைக்கு வேலைக்குப் போனவுடனை இந்த அறுநூற்றி இருபதையும் சந்திரகுமார் அண்ணையிட்டைக் குடுத்துவிடுறன். சம்பளத்திலை கை வைக்கவேண்டாம் எண்டு சொல்லுறன். கணக்குச் சரி.

நகுலேஸ்வரி: ஒரு றோல்ஸும் சாப்பிடாமலோ?

கௌசிகன்: பிறகு வாறன் அக்கா. துஷ்யாவும் வேலையாலை வந்திருப்பா.

நகுலேஸ்வரி: கட்டித் தாறன். அவவுக்குக் கொண்டு போம். வேண்டாமெண்டு சொல்லாதையும்.

கௌசிகன்: சரி அக்கா.

யோகராஜா: முழுக்கப் பாக்காமல் போறாய்.

கௌசிகன்: நீங்கள் பாருங்கோ. ரீவியிலை கிடக்கிறது என்ரை எக்கவுண்ட்தான். நான் பாஸ்வேர்ட் மாத்தமாட்டன். சீசன் முடியுமட்டும் அப்பிடியே கிடக்கட்டும். நிண்டுபோனா போன் அடியுங்கோ, சொல்லித் தாறன். வாறன் அண்ணை.

யோகராஜா: நில்லடா... அறுநூற்றி இருபது காணாது.

கௌசிகன்: என்ன காணாது?

யோகராஜா: நாளைக்குச் சந்திரகுமார் உன்னட்டை ஆயிரம் எண்டுதான் சொல்லுவான். அவன் பொய் சொல்லேல்லை. நான்தான் ஆயிரம் வாங்கினனான்... நீ டைல்ஸ் ஒட்டின சுவரை அவன் படமெடுத்து, இவன் உன்ரை ஆளோ எண்டு எனக்கு அனுப்பிக் கேட்டவன். மூலையிலை ஒரு வெட்டுத்துண்டு கூடத் தெரியேல்லை. பாத்தவுடனை உன்ரை கை எண்டு தெரிஞ்சுது. முதுகு நோகேல்லை எண்டும் அப்பவே தெரியும்... அந்தச் சுவரைப் பாத்திட்டுத்தான் விலையைக் கூட்டினனான். உன்ரை கடனுக்கு எடுத்த அறுநூற்றி இருபது வான் இன்சூரன்ஸுக்குப் போச்சு. கூட வாங்கின முன்னூற்றி எண்பதும் ரீவிக்குப் பின்னாலை கிடக்கு. மூண்டு நாளா அதைத் தொடேலாமல் இருக்கிறன். நீயே எடு... ரெண்டையும் சேத்து அவனிட்டைக் குடுத்திட்டு, இனி நீ ஒருத்தருக்கும் கடனில்லை எண்டு சொல்லு.