ஏழாம் பெட்டில் படுத்திருந்தது யார்?

நர்சிங் பிரிவு அக்காக்களே! வேலைக்கு மனு எழுதுவது எப்படி, நேர்முகத் தேர்வில் எப்படி உட்காருவது என்று நூலகத்தில் படித்ததையெல்லாம் இதுவரை சொன்னேன். பின்வரிசையில் இரண்டு பேர் கொட்டாவி விட்டதையும் பார்த்தேன். பரவாயில்லை... தாளை மடித்து வைத்துவிட்டேன். இப்போது ஒரு சின்னக் கதை. மணி அடிப்பதற்குள் முடித்துவிடுவேன், கேட்கிறீர்களா?

பேச்சியம்மாள் என்று ஒரு அக்கா. பெயரில்தான் பேச்சு. நர்சிங் முடித்ததும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. கண்ணாடிக் கதவு, வாசலில் செயற்கை நீரூற்று... வீட்டில் எல்லோருக்கும் பெருமை. முதல் நாள், "சிஸ்டர், பஞ்சு எங்க இருக்கு?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்!

"இதுகூடத் தெரியாதா? காலேஜுக்குப் படிக்கப் போனியா, பராக்குப் பார்க்கப் போனியா?"

அன்றோடு பேச்சி கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். நான்காம் நாள் ஸ்டோர் ரூம் பூட்டியிருந்தது. சாவி யாரிடம்? கேட்கப் பயம். என்ன செய்தாள் தெரியுமா? கதவுக்கு முன்னால் நின்றாள். நின்றாள்... நின்றுகொண்டே இருந்தாள். அரை மணி கழித்துத் திரும்பிப் பார்த்தால், அவளுக்குப் பின்னால் பதினோரு பேர் வரிசையில் நிற்கிறார்கள்!

"எதுக்குங்க இந்த வரிசை?"

"தெரியலையே. நர்ஸம்மாவே நிக்கிறாங்கன்னா டோக்கன்தான் குடுப்பாங்க!"

அன்றைக்கே வேலையை விட்டாள். பிறகு ஊருக்குள் இருக்கும் ஒரு நாற்பது படுக்கை ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. கிளம்பும்போது அப்பாவிடம் சொன்னாள். "அப்பா, அங்கயும் அப்படித் திட்டுனாங்கன்னா இந்த வெள்ளைச் சட்டையே வேண்டாம். நம்ம ஜெராக்ஸ் கடையிலேயே உட்கார்ந்துடுறேன்." மூன்றரை வருடப் படிப்பு, அக்கா! அதை விட்டுவிடத் தயாராகத்தான் அவள் போனாள்.

முதல் நாள் காலை. ஏழாம் பெட் கோமதிநாயகம், குடலிறக்க ஆபரேஷன் முடிந்து மூன்று நாள் ஆனவர். பேச்சி போனாள். பெட்டில் ஒருவர் கண்மூடிப் படுத்திருந்தார்.

"நீங்க கோமதிநாயகம்தானே?"

"ஆமா."

வாயில் தெர்மாமீட்டர் வைத்தாள். கையில் பட்டை சுற்றி பி.பி. பார்த்தாள். நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து! நேற்று வரைக்கும் நூற்று இருபதுதானே? சார்ட்டில் எழுதினாள், ஓடினாள். வார்டுக்குப் பொறுப்பு ரோஸ்லின் சிஸ்டர். அவரையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

அப்போது வார்டு கதவைத் திறந்துகொண்டு ஒரு பெரியவர் வந்தார். ஒரு கையில் டீ, இன்னொரு கையில் பாதி கடித்த போண்டா.

"என் பெட்டுல என்னம்மா கூட்டம்?"

அவர்தான் கோமதிநாயகம்! படுத்திருந்தது அவருக்குத் துணையாக வந்த மருமகன் சண்முகவேல். அந்தப் பெட்டுக்கு மேலேதான் ஃபேன் நன்றாகச் சுற்றுமாம்.

பேச்சியின் காதில் ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. இப்போது திட்டு விழும்... இப்போது விழும்...

ரோஸ்லின் சிஸ்டர் கேட்டார். "மாத்திரை, ஊசி ஏதாவது குடுத்தியா?"

"இ... இல்ல சிஸ்டர்."

"அப்போ மூச்சு விடு. முகம் நீலமாகுது, அடுத்து உனக்கு ஒரு பெட் தேட முடியாது." மருமகனிடம் திரும்பினார். "ஏங்க, நான் நோயாளி இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எப்படி சிஸ்டர் சொல்றது? கையை நீட்டுன்னாங்க, நீட்டினேன். வாயைத் திறன்னாங்க, திறந்தேன். திறந்த வாயில குழாயை வச்சுட்டாங்க!"

"அதுக்கு முன்னாடி பேர் கேட்டாங்களே?"

"பேரா? 'கோமதிநாயகம்தானே'ன்னாங்க. பெட்டைக் கேக்கிறாங்கன்னு நினைச்சேன். மாமா பெட்டுதானே இது? ஆமான்னேன்."

ரோஸ்லின் சிஸ்டர் சிரித்த சிரிப்பில் ஐந்தாம் பெட் நோயாளியும் சிரித்து, தையல் பிரிந்துவிடும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பிறகு பேச்சியிடம் பேனாவைக் கொடுத்தார். "எழுதினதை ஒரே கோடா அடி. பக்கத்துல 'ஆள் மாறிவிட்டது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. கிழிக்காதே, மறைக்காதே." நேராகப் பலகைக்குப் போய்ச் சாக்பீஸால் எழுதினார்: 'யாரிடமும் "இன்னார்தானே?" என்று கேட்கக் கூடாது. "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்க வேண்டும்.' கீழே பேச்சியின் பெயர் இல்லை. யாருடைய பெயருமே இல்லை. "நாங்க எல்லோருமே அப்படித்தான் கேட்டுக்கிட்டிருந்தோம், பேச்சி. இன்னைக்கு நீ மாட்டினே, அவ்வளவுதான். இந்த வாரம் என்கூடவே வா."

மருமகனுக்கு ஒரு ஓ.பி. சீட்டு எழுதினார்கள். அந்த பி.பி. நிஜம்தானே?

"எல்லாம் உங்களாலதான் மாமா!"

"என்னாலயா? மாப்ளே, என் கட்டில்ல படுத்தா என் நோய் வரணும். உமக்கு எப்படிப் புது நோய் வந்துச்சு?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்றை யோசியுங்கள், அக்கா. இரண்டு ஆஸ்பத்திரியிலும் அதே பேச்சிதான். முதல் இடத்தில் சாவி கேட்கப் பயந்தவள். இரண்டாவது இடத்தில், பதினைந்து நாளில் பெரிய டாக்டரையே நிறுத்தி, "சார், இந்த மருந்து அளவு சரியா?" என்று கேட்டாளாம். அவரும் திரும்பிப் பார்த்து, அளவைத் திருத்தினாராம். படிப்பு கூடிவிட்டதா? இல்லை. பயம் போய்விட்டது.

அதனால் நேர்முகத் தேர்வில் உங்களைக் கேள்வி கேட்டு முடித்ததும், நீங்களும் ஒன்று கேளுங்கள். "எனக்குத் தெரியாதது வந்தால் யாரைக் கேட்கணும்?" ஒரு ஆளைக் கை காட்டினால் சேருங்கள். "எங்க ஆஸ்பத்திரியில அப்படி ஒண்ணும் வராது" என்று சொன்னால்... நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். நீரூற்று எவ்வளவு உயரம் பீய்ச்சினாலும் சரி, வந்துவிடுங்கள்!

உங்கள் சுகத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பயந்த கை நடுங்கும், அக்கா. அந்தக் கையில் ஊசி இருக்கும். வலிக்கப்போவது உங்களுக்கா?