நான் திருத்திய நிரல்கள்

அவையை ஆள்கின்ற அன்புத் தலைவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! பிள்ளைகளின் பையையும் படிப்பையும் சேர்த்தே சுமக்கும் தாய்மார்களே! மேசைக்கடியில் இன்னமும் திருகாணி தேடிக்கொண்டிருக்கும் என் செல்வங்களே! உங்கள் நூலகரின் வணக்கம்.

மூன்று ஆண்டுகளாக நம் நூலக ரோபோ வகுப்பில், கண்காட்சியன்று பிள்ளைகள் செய்த ரோபோ வண்டி ஒன்றுகூடத் தவறியதில்லை என்று தலைவர் புகழ்ந்தார். நீங்களும் கைதட்டினீர்கள். தட்டிய கைகளை மடியில் வையுங்கள், ஐயா! அந்தப் புகழ் பொய்.

ஆம், பொய்! நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்காட்சிக்கு முந்தைய நாள், பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு கணினியாகத் திறப்பேன். வண்டியை ஓட்ட அவர்கள் எழுதிய நிரலில் பிழை இருந்தால் சத்தமில்லாமல் திருத்துவேன். பெற்றோர் முன்னால் பிஞ்சு முகம் வாடலாமா? நல்லதுதானே செய்கிறோம் என்று நெஞ்சை நிமிர்த்தி நடப்பேன்.

போன மாதக் கண்காட்சியில் கையும் களவுமாகப் பிடிபட்டேன். பிடித்தவள் தையல்கடை அம்மாவின் பத்து வயது மகள். எதற்கும் ஏன், ஏன் என்பதால் அவளுக்கு 'ஏன் ராணி' என்று பெயர். அவள் வண்டி சுவருக்கு நாலு விரல் முன்னால் அழகாக நின்றது. அரங்கமே ஆர்ப்பரித்தது. அந்த இரைச்சலில் என் காதருகே வந்தாள்.

"இது என்னோடது இல்ல சார். என்னோடது செவுத்துல இடிக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! பக்கத்து அறைக்கு அழைத்துப்போய்க் கணினியைத் திறந்து காட்டினாள். சுவர் பன்னிரண்டு சென்டிமீட்டர் தூரத்தில் வந்ததும் பிரேக் போடச் சொல்லி அவள் எழுதியிருந்தாள்; வண்டியின் வேகத்துக்கு அது போதாது. அதை இருபதாக்கியவன் நான்.

"ஏன் இடிக்குதுன்னு மூணு வாரமா தேடிட்டு இருந்தேன். கண்டுபிடிச்சிருப்பேன்."

மற்றப் பிள்ளைகளும் ஓடிப்போய்த் தங்கள் நிரலைப் பார்த்தார்கள். பதினொரு பேரில் ஒன்பது பேருடையதில் என் கை பட்டிருந்தது. பெற்றோர்களே, வீட்டில் வந்து இதைச் சொன்ன பிள்ளைகளைச் சின்னப்பிள்ளைப் பேச்சு என்று அடக்கிவிட்டீர்களாமே, அது அடுத்த அதிர்ச்சி!

பொருளைத் திருடினால் திருப்பித் தரலாம். பிள்ளை தானே கண்டுபிடிக்க வேண்டிய பிழையைத் திருடினால், எதைக் கொண்டுபோய்த் தருவது? எந்த முகத்தோடு தருவது?

அன்றிலிருந்து ஏன் ராணி வகுப்புக்கு வரவில்லை. நேற்று தையல்கடைக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். பெரிய மனசு பண்ணிவிட்டார் அம்மா. மகள் விடவில்லை.

"கைதட்டுனவங்ககிட்ட சொன்னீங்களா சார்?"

அதனால்தான் சொல்கிறேன். இன்றைய கண்காட்சிக்கு மேசைமேல் இருக்கும் வண்டிகளில் ஒன்றைத் தவிர எதையும் நான் தொடவில்லை. என்ன, ஓடுமா என்று கேட்கிறீர்களா? தெரியாது, ஐயா! மூன்று ஆண்டில் முதன்முறையாக எனக்குத் தெரியாது!

அதோ, கதவோரம் அம்மாவோடு நிற்கிறாள். கண்ணே, எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். உன் வண்டியில் நீ எழுதிய பன்னிரண்டையே திரும்ப வைத்திருக்கிறேன். வந்து இடித்துக் காட்டு! நடுவரிசைக்காரர்களே, காலை மடக்கிக் குழந்தைக்கு வழிவிடுங்கள். அந்த வழிக்கு நன்றி, அவைக்கு வணக்கம்.